வழியறிந்து கலம் செலுத்தல்: நெடுந்தொலைவு வானூர்திகளின் செல்தொலைவு பற்றிய ஓர் ஆய்வு



பாக் நீரிணையின் கரையில் அமைந்த மணமேல்குடியில், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடா நாடுகளிலோ உறவினர் இல்லாத தெரு அரிது. நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். 1926-இல் கட்டப்பெற்ற அக்கப்பல் 1973 வரை அப்பணியைச் செய்தது. இன்றோ திருச்சிராப்பள்ளியில் வானூர்தி ஏறி நான்கு மணி நேர அளவில் சிங்கப்பூரை அடைகிறோம். "சிங்கப்பூருக்குப் பறக்கும் அதே விமானம் ஏன் இலண்டனுக்குப் பறக்கலாகாது?" என்று மாணவர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

நீருக்கேற்ற கலம் என்னும் அறிவு தமிழர்க்குப் புதியதன்று. ஆறு கடக்க அம்பியும் ஓடமும், மீன்வேட்டைக்குத் திமில், உப்பங்கழியில் பண்டம் ஏற்றப் பஃறி, பெருங்கடலுக்கு வங்கமும் நாவாயும் எனப் பண்டைத் தமிழ் பகுத்து வழங்கியது. கோட்டைப்பட்டினத்து மீனவரும் எத்தனை நாள் கடல்தங்கல் என்பதை எண்ணியே டீசலும் பனிக்கட்டியும் ஏற்றுகின்றனர். விமான நிறுவனங்கள் செய்வதும் இக்கணக்கே.

ஒரு வானூர்தி இடையில் இறங்காது பறக்கத்தக்க தொலைவை நாம் 'செல்தொலைவு' எனக் குறிக்கலாம். இது வினைத்தொகை. காலம் காட்டாத இத்தொகை இங்குப் பொருத்தமுடையது. ஏனெனில் ஒரே வானூர்தியின் செல்தொலைவும் நாள்தோறும் ஒன்றாய் நிற்பதில்லை. சுமை, காற்று, வெப்பம், ஓடுதளம் ஆகியவற்றுக்கேற்ப அது வேறுபடும்.

எடைக் கணக்கு

புறப்படும் வேளையில் வானூர்தியின் மொத்த எடை மூன்று பகுதிகளால் ஆனது: ஊர்தியின் தன்னெடை, பயணிகளும் சரக்குமாகிய சுமை, எரிபொருள். இம்மூன்றின் கூட்டுத்தொகை வரையறுத்த உச்ச எடையைக் கடத்தல் கூடாது.

திருச்சிராப்பள்ளி மக்கள் நன்கறிந்த போயிங் 737-800 வகையை எடுத்துக்கொள்வோம். அதன் தன்னெடை ஏறத்தாழ 41 டன். ஏற்றத்தக்க சுமை 21 டன் அளவு. கலங்கள் நிறைய நிரப்பும் எரிபொருள் ஏறத்தாழ 26,000 லிட்டர். எடையில் 21 டன். மூன்றையும் கூட்டின் 83 டன் ஆகும். ஆனால் அதன் உச்சப் புறப்பாட்டு எடை 79 டன்னே. எனவே முழுச் சுமையும் முழு எரிபொருளும் ஒருங்கே ஏற்றுதல் இயலாது. நான்கு டன்னைக் கைவிட வேண்டும். பயணி ஒருவர்க்குப் பெட்டியுடன் 100 கிலோ எனக் கொண்டால், அது நாற்பது பயணிகளின் எடையாகும்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். அதற்குக் காப்பு எரிபொருளையும் சேர்த்து 14 டன் போதுமெனக் கொண்டால், 41, 21, 14 கூடி 76 ஆகிறது. எல்லைக்குள் அடங்குகிறது. இலண்டனோ 8,000 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. இவ்வகையின் செல்தொலைவு 5,400 கிலோமீட்டர் அளவே. மாணவரின் வினாவுக்கு இதுவே விடை.

அவ்வாறாயின், 13,500 கிலோமீட்டர் செல்லவல்ல போயிங் 787-8 வகையை எல்லா வழிக்கும் விடலாகாதோ எனின், விடலாம்; ஆயின் செலவு மிகும். நெடுவழிக்கெனப் பெருத்த இறக்கையையும் வலுத்த சக்கரத் தொகுதியையும் குறுவழியில் வீணே சுமக்க நேரும். இருக்கைகள் நிரம்பாவிடில் இழப்பு உறுதி. அன்றியும் பேரூர்தி முழு எடையுடன் எழ நீண்ட ஓடுதளம் வேண்டும். கோடை வெப்பத்தில் காற்று அடர்த்தி குன்றுவதால் ஓடுதளத் தேவை மேலும் கூடும்.

நெடுவழியின் விலை

எரிபொருளைச் சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகிறது. கூடுதலாய் ஏற்றும் ஒவ்வொரு டன்னிலும் மணிக்கு நூற்றுக்கு மூன்று நான்கு வீதம், அதைச் சுமப்பதிலேயே எரிந்துபோகும். பயணம் நீள நீள இச்செலவு பெருகுகிறது. ஆகவே முன்னாளில் இடைநிறுத்தங்கள் இன்றியமையாதன ஆயின. 1948 ஜூன் 8 அன்று 'மலபார் பிரின்சஸ்' என்னும் ஏர் இந்தியாவின் கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாகவே இலண்டன் சென்றது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-இல் ஏர்பஸ் ஏ340-500 கொண்டு நியூயார்க் பகுதிக்கு இடைநில்லாச் சேவை தொடங்கியது. நான்கு இயந்திரங்களுடைய அவ்வூர்தியின் எரிபொருட் செலவு மிகுதி. 2013-இல் அச்சேவை நின்றது. 2018-இல் ஏ350-900 யுஎல்ஆர் வகை வந்தபின் மீண்டும் தொடங்கிற்று. வழி ஒன்றே, ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். மாறியது கலம். இரண்டே இயந்திரங்களுடைய இவ்வூர்தியிலும் 161 இருக்கைகளே வைத்தனர் என்பது கருதத்தக்கது.

ஏர் இந்தியாவின் பட்டறிவும் இதுவே. 2007 முதல் வந்த எட்டு போயிங் 777-200எல்ஆர் விமானங்களுள் ஐந்தினை அந்நிறுவனம் பின்னாளில் எதிகாத் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. எஞ்சியவற்றுக்குத் தக்க வழி கிடைத்தபோதோ அவற்றின் ஆற்றல் விளங்கிற்று. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு, விமானியர் அனைவரும் பெண்களாகவே, வடதுருவப் பகுதி வழியே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் இடைநில்லாது பறந்து வந்தனர். நம் மாணவியர் இதனை நினைவிற் கொள்வாராக.

காற்றும் வான்வழியும்

நிலவரைபடத்துத் தொலைவு ஒன்று. வானத்துத் தொலைவு மற்றொன்று. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா, தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ செல்லும் விமானத்தை அட்லாண்டிக் வழியை விடுத்துப் பசிபிக் வழியே செலுத்தியது. தொலைவு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் கூடிற்று. நேரமோ இரண்டு மணி அளவு குறைந்தது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வளிக் காற்று பின்னின்று தள்ளியதே காரணம். பருவக்காற்றை அறிந்து பாய்விரித்த நம் மரக்கலத்தார் இதனைக் கேட்பின் வியவார்.

மாறாக, 2019-இலும் 2025-இலும் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, வட அமெரிக்கா செல்லும் ஏர் இந்தியா விமானங்கள் சில வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப நேர்ந்தது. ஊர்தி அதுவே, ஊர்களும் அவையே. சுற்றுவழியால் செல்தொலைவு போதாதாயிற்று.

நிறைவுரை

இவற்றால் பெறப்படுவன யாவை? பெரிய கலமே சிறந்த கலம் என்பது பிழை. வழிக்குப் பொருந்திய கலமே சிறந்தது. நம் பகுதிக்கு நேர் விமானம் கேட்டு விண்ணப்பிக்கும் பெரியோர்கள் ஓடுதளத்தின் நீளத்தையும், நாள்தோறும் எத்தனை பயணிகள் அவ்வழியே செல்வர் என்னும் கணக்கையும் உடன்வைத்துக் கேட்பின் அக்கோரிக்கை வலுப்பெறும். விமான நிலையத்தில் பெட்டியை நிறுக்கும்போது சினம் கொள்ளுதலும் வேண்டா. நாம் மிகுத்து ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் அக்கூட்டுத்தொகையுள் ஓர் இடத்தைக் கொள்கிறது. கடலைக் கடந்து பிழைக்கச் செல்லும் நம் பிள்ளைகள் பத்திரமாய்ச் சென்று சேர்வது அக்கணக்கின் நேர்மையிலேயே உள்ளது.

இத்தகைய கணக்குகளைத் தமிழிலேயே எண்ணவும் எழுதவும் நம் மாணாக்கர் முன்வர வேண்டும். வல்ல இறைவன் துணை நிற்பானாக.