உப்பளம் ஓய்ந்த மாதங்களில்

ஐப்பசி மழை இறங்கிப் பாத்திகள் நீரில் மூழ்கி, உப்பு அம்பாரங்களின்மேல் தார்ப்பாய் மூடிக் கயிறு கட்டியாகிவிட்டால், தை பிறக்கும்வரை தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்குப் பாத்தியில் வேலை கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து உப்பளத்துக்குப் போகத் தொடங்கிய என் பழைய மாணவர்கள், அந்த மாதங்களின் ஜீவனத்துக்கு வழி தேடும்போது, தோழன் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பார்த்தோ தகப்பனாரின் நிர்ப்பந்தத்துக்கு இணங்கியோ, தவறான வழியையே பற்றிக்கொள்வதைக் கண்டு மனம் பொறாமல் இதை எழுதுகிறேன்.

அரசாங்கம் தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாயைத் தவறாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் கரிசல் காடுகளில் அப்போதுதான் களையெடுப்பு நடக்கிறது. உப்பை அரைத்துப் பாக்கெட் போடும் ஆலைகள் மழையிலும் ஓடுகின்றன. இவற்றில் எதற்குப் போனாலும் நஷ்டமில்லை.

பின்னால் கூலியில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி, வேலையில்லாத மாதங்களுக்கு அளத்து முதலாளி கொடுக்கும் முன்பணத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். லே-ஆஃப் ஆனவருக்குப் பாதிச் சம்பளம் என்று சட்டத்தில் விதி செய்தவர்கள் பருவத் தொழில்களை அதிலிருந்து விலக்கிவிட்டமையால், முதலாளியின் கடமையாக இருந்திருக்க வேண்டியது அவருடைய தயவாகவும், பிறகு கடனாகவும் உருமாறி வருகிறது. என் தகப்பனார் ஒரு தீபாவளிக்கு முன்பணம் வாங்கினார். எங்கள் நால்வருக்கும் புதுத்துணி வந்தது, அம்மாவின் தோடும் அடகிலிருந்து மீண்டது. மறு சித்திரையில் பக்கத்து அளத்தில் கூடுதல் கூலிக்கு ஆள் தேடியபோது, கணக்குத் தீரவில்லை என்ற ஒரே காரணத்தால், அவர் பழைய பாத்தியிலேயே உச்சி வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். வாராவாரம் கூலியில் பிடித்ததை, எழுத்தறியாத அவர் சமையற்கட்டுச் சுவரில் கரிக்கோடாகப் போட்டுவைத்தார். அந்தக் கோடுகளும் கங்காணியின் நோட்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஆகையால் என் அபிப்பிராயம் பட்சபாதமுடையதுதான்: பட்டினி வாசலுக்கு வந்தாலன்றி முன்பணத்தைத் தொடாதீர்கள். கடனைக் காட்டி ஒருவரை வேறிடம் போகவிடாமல் தடுப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் வீட்டில் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

முதலாளிமார்களுக்கும் ஒரு விண்ணப்பம். கரை திருத்துவது, லாரிக்கு உப்பு ஏற்றுவது, கிட்டங்கி வேலை ஆகியவற்றை மழை மாதங்களில் எல்லாருக்கும் முறைவைத்துக் கொடுத்தால், பழகிய கைகள் தை மாதம் தாமாகவே திரும்பி வரும்.

பிள்ளைகளே, உங்கள் கைக்கு எது இயல்பாக வசப்படுகிறதோ அதைக் கற்றுக்கொள்ள இந்த மூன்று மாதங்களைச் செலவிடுங்கள். ஊர் எதை மெச்சுகிறது என்று பாராதீர்கள், பலன் உடனே வரவில்லையென்று சலிக்காதீர்கள். என் மாணவன் ஒருவன் பம்பு பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்து, முதல் மழைக்காலம் முழுவதும் மண்ணெண்ணெயில் போல்ட்டு கழுவினான். வீட்டில் ஏச்சு, தெருவில் கேலி. மூன்றாம் மழைக்காலத்தில்தான் மோட்டாரைப் பிரிக்க விட்டார்கள். இன்று தை பிறந்து, போர் கிணறுகளிலிருந்து உவர்நீர் இறைக்கத் தொடங்கும் வாரத்தில், அவன் வீட்டுத் திண்ணையில் நடக்க இடமின்றிப் பம்புகள் கிடக்கின்றன.