காட்டு எலியும் மூங்கில் காயும்

வயலில் எலி மிகுந்தால், “இவ்வருஷம் எலி அதிகம்” என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம். தறிவீட்டில் கஞ்சியிட்ட பாவை எலி கொறித்தாலும் அவ்வாறே. சில வருஷங்களில் மட்டும் அது ஏன் பெருகுகிறது, எதனால் பின்னர் குறைகிறது என்று நாம் கேட்பதில்லை. இக்கேள்விக்குரிய விடையைக் காடுகளே நமக்குக் கற்பிக்கின்றன.

பெருக்கத்தின் கணக்கு

எலி சினையாகி ஏறக்குறைய மூன்று வாரத்தில் ஈனும். குட்டி மூன்று மாதத்தில் தானே தாயாகும் பருவத்தை எய்தும். ஓர் ஜோடி மூன்று மாதத்திற்கொரு முறை ஆறு குட்டிகள் ஈனுவதாகவும், அவற்றுள் பாதி பெண்ணாகவும், ஒன்றேனும் சாகாததாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டு எலிகள் மூன்றாம் மாதத்தில் 8, ஆறாம் மாதத்தில் 32, ஒன்பதாம் மாதத்தில் 128, வருஷ முடிவில் 512 ஆகும்.

ஆனால் சாதாரண வருஷத்தில் இவ்வாறு நிகழ்வதில்லை. பசி, குளிர், நோய், பாம்பு, ஆந்தை, காட்டுப் பூனை ஆகியவை பெரும்பாலானவற்றை அழித்துவிடுகின்றன. ஆகவே பெருகும் வன்மை எலிக்கு என்றும் உண்டு. தடைகள் தளரும் வருஷத்திலேயே அது வெளிப்படுகிறது.

விலங்குகளின் தொகை நிலையாக நிற்பதன்று, ஏறி இறங்குவதே இயல்பு என்பதை ஆங்கில அறிஞர் சார்லஸ் எல்டன் 1924-ம் வருஷத்தில் விரிவாக எழுதினார். 1932-ல் ஆக்ஸ்போர்டில் இதற்கெனவே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். அந்நாட்டுக் காடுகளில் ஓக் மரம் எல்லா வருஷமும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. காய் மிகுந்த வருஷத்தில் காட்டுச் சுண்டெலிகள் குளிர்காலத்தில் மடியாமல் தப்புகின்றன. சில வேளை குளிரிலும் ஈனுகின்றன. அடுத்த வசந்தத்தில் அவற்றின் தொகை உயர்ந்து காணப்படும்.

மிஜோ மலைகளில் நிகழ்ந்தது

நம் நாட்டின் வடகிழக்கில், இன்று மிஜோராம் எனப்படும் மலைப்பகுதியில், இவ்விதி கொடிய உருவில் தோன்றுகிறது. அங்குள்ள ஒருவகை மூங்கில் ஏறக்குறைய 48 வருஷங்களுக்கு ஒரு முறை மலை மலையாகப் பூத்து, காய்த்து, மடிகிறது. மிஜோ மக்கள் இதனை ‘மௌதாம்’ என்பர். ‘மௌ’ என்றால் மூங்கில், ‘தாம்’ என்றால் மடிதல். 1911, 1959, 2007 ஆகிய வருஷங்களை ஒட்டி இது நிகழ்ந்தது.

அம்மூங்கிலின் காய் நெல்மணி போன்று சிறியதன்று; பேரிக்காய் அளவினது. அது காடெங்கும் உதிர்ந்து கிடக்க, எலிக்குப் பசி என்பதே இல்லை. பல மாதங்கள் உணவு நீடிப்பதால் ஈற்றுக்குமேல் ஈற்றாகக் குட்டிகள் பிழைத்துப் பெருகுகின்றன. வருஷத்திற்கு ஒரு முறை ஈனும் ஆந்தையும் பாம்பும் இவ்வேகத்திற்கு ஈடுகொடுத்துப் பெருக இயலாது. காய்க்குக் கருவைப் பெருக்கும் குணம் உண்டோ என்று ஐயுறவேண்டியதில்லை. மேற்கூறிய கணக்கே போதும்.

பின்னர் மழை வருகிறது. எஞ்சிய காய்கள் முளைத்துவிடுகின்றன. காட்டில் உணவு அற்றதும் எலிப்படை மலைச்சரிவின் நெல் வயல்களில் இறங்குகிறது. ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் வருஷ உணவு அழிந்ததும் உண்டு. உணவு முற்றும் தீர்ந்தபின் எலிகளும் பசியால் மடிகின்றன. ஆனால் அதற்குள் உழவன் வீட்டுக் குதிர் வெறுமையாகிவிடுகிறது.

1959-ஐ ஒட்டிய பஞ்சத்தில் மக்கள் காட்டுக் கிழங்குகளை அகழ்ந்துண்டு உயிர்வாழ்ந்தனர். பஞ்சம் வரும் என்று மாவட்ட மன்றம் முன்னரே எச்சரித்தும், அன்றைய அஸ்ஸாம் அரசாங்கம் தக்க கவனம் செலுத்தவில்லை. 1960-ல் தோன்றிய பஞ்ச நிவாரண இயக்கம் 1961-ல் அரசியல் கட்சியாயிற்று. 1966-ல் ஆயுதக் கிளர்ச்சி மூண்டது. 1986-ல்தான் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எலிப்பெருக்கம் ஒன்றே இதற்குக் காரணமன்று எனினும், வயிற்றின் துயரை அலட்சியம் செய்தால் விளைவது யாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. 2007-ஐ ஒட்டிய மூங்கில் பூப்பிற்கு அரசு முன்கூட்டியே திட்டம் வகுத்தது. எலி விரும்பாத இஞ்சி, மஞ்சள் பயிரிடுமாறு ஊக்கியது. பல ஊர்களில் துயர் நேர்ந்தபோதிலும் பழைய பேரழிவு திரும்பவில்லை.

மூங்கிலின் ஒற்றுமை

மூங்கில் ஏன் இவ்வளவு காலம் காத்திருந்து ஒருங்கே காய்க்கிறது? தனித்துக் காய்த்தால் காய் முழுவதையும் எலி தின்றுவிடும். அனைத்தும் ஒரே காலத்தில் காய்த்தால் தின்றது போக மிகுந்தவை முளைக்கும். டேனியல் ஜான்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1976-ல் கூறிய விளக்கம் இதுவே.

நாம் கொள்ளும் பாடம்

ஒரே வாய்க்கால் பாசனத்தில் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நடவு செய்தால், கதிர் ஒரு வயல் மாற்றி மற்றொரு வயலாக எலிக்கு மாதக்கணக்கில் கிடைக்கும். அதன் ஈற்றுக்காலமும் நீளும். இரண்டு வாரத்திற்குள் அனைவரும் நட்டு முடித்தால் அக்காலம் சுருங்கும். எலி பிடிப்பதும் அவ்வாறே. எலி பெருகிய பின் தஞ்சாவூர் கிட்டியைத் தேடுவதால் பயன் சிறிது. கதிர் பிடிக்கும் முன், எலி குறைந்திருக்கையில், எல்லா வயல்களிலும் ஒரே வாரத்தில் கிட்டி வைத்தல் வேண்டும். ஒருவர் மட்டும் வைத்தால் அடுத்த வரப்பின் எலி அவர் வயலில் குடியேறிவிடும். தனி ஒருவரால் இயலாத இக்காரியத்திற்கன்றோ சங்கம் இருக்கிறது!

வாசிப்பு வட்டத்திற்கு வினாக்கள்

1. எலியின் பெருகும் வன்மை எப்போதும் ஒன்றாயிருக்க, சில வருஷங்களில் மட்டும் அது பெருகுவது ஏன்?
2. நம் ஊரில் எலிக்கு உணவு எம்மாதம் முதல் எம்மாதம் வரை கிடைக்கிறது?
3. நடவையும் கிட்டி வைப்பையும் ஒரே காலத்தில் செய்ய நம் சங்கம் என்ன ஏற்பாடு செய்யலாம்?