கடைக்கு அழகு போர்டா, பேச்சா?



"டிப்ளமோ முடிச்சிட்டு என்ன பண்ணப் போறே?" என்று கேட்காத உறவினர் நம்மில் யாருக்காவது உண்டா? கம்பெனியில் அப்ரண்டிஸ் என்று சிலர் சொல்வோம். இரண்டாம் ஆண்டிலேயே நேராகச் சேர்கிற பி.இ. என்று சிலர் சொல்வோம். "சொந்தமா ஒரு கடை போடப் போறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவர்களும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்காக.

கடை போடுவது பெரிய காரியமல்ல. போட்ட கடைக்கு ஆள் வரவேண்டும். வந்த ஆள் மறுபடியும் வரவேண்டும். அதற்கு என்ன வழி? இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. உடுமலைப் பக்கம் என் தாய்மாமா வைத்திருக்கும் மோட்டார் காயில் கட்டும் கடையில், விடுமுறை நாட்களில் கையில் வார்னிஷ் ஒட்டிக்கொண்டு கற்றேன். அதுவும் ஒரு தப்பைச் செய்துவிட்டுத்தான் கற்றேன்.

முதலில் செய்தது: அலங்காரம்

மாமா தொழிலில் கெட்டிக்காரர். ஸ்டேட்டரைத் திறந்து பார்த்ததும் காயில் எதனால் போனது என்று சொல்லிவிடுவார். முதலாம் ஆண்டு விடுமுறையில் நான் போனபோது வாசலில் மோட்டார்கள் வரிசையாக இருந்தன. அடுத்த ஆண்டு போனபோது நான்கே நான்கு. காரணம் கேட்டால், மாமா எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். புதுக்கடை ஒன்று, கண்ணாடிக் கதவு, பளிச்சென்ற விளக்கு, பெரிய போர்டு.

"நாமளும் அப்படிப் பண்ணிருவோம் மாமா" என்றேன். மாமா மகனும் நானும் சேர்ந்து சுவருக்கு வெள்ளையடித்தோம். ஃபிளெக்ஸ் வைத்தோம். கைப்பேசி வரைபடத்தில் கடையைப் பதிந்து, தெரிந்தவர்களை எல்லாம் ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னோம். கூலியில் பத்து சதவீதம் தள்ளுபடி என்றும் எழுதினோம். ஒரு வாரம் நாலு பேர் நின்று பார்த்தார்கள். அவ்வளவுதான்! மோட்டார் என்னவோ எதிர்ப்பக்கமே போனது.

"போர்டைப் பாத்தா மாப்ளே மோட்டாரைத் தூக்கிட்டு வர்றாங்க?" என்று மாமா சிரித்தார். பிறகு ஏன்தான் வருவார்கள்? அன்றைக்கு அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நான் செய்த தப்பு

ஒரு காலையில் தக்காளித் தோட்டக்காரர் ஒருவர் ஐந்து எச்.பி. மோனோபிளாக் மோட்டாரை டெம்போவில் ஏற்றி வந்தார். பழைய வாடிக்கை. காயில் கருகிப் போயிருந்தது. மாமா வெளியே போயிருந்தார்.

"தம்பி, எப்பக் கிடைக்கும்? செடி பூவும் பிஞ்சுமா நிக்குது" என்றார்.

விட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் எனக்கு. "நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்கய்யா" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

மின்னியல் படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். பழைய காயிலை அறுத்து எடுக்கவேண்டும். சுற்று எண்ண வேண்டும். மைக்ரோமீட்டரில் கம்பியின் கனம் பார்க்கவேண்டும். ஸ்லாட்டுக்குள் காகிதம் வைத்துக் காயில் இறக்கி, கட்டி, வார்னிஷில் முக்கிச் சூட்டில் காய வைக்கவேண்டும். வார்னிஷ் காயாமல் மாட்டினால் மறுபடியும் புகைதான். ஏற்கெனவே மூன்று மோட்டார் கையில் இருந்தது. அந்தக் கனத்துக் கம்பியும் கடையில் இல்லை. இவ்வளவும் தெரிந்துதான் சொன்னேன்!

மறுநாள் வந்தார். "நாளைக்கு" என்றேன். அதற்கு மறுநாளும் வந்தார். நான்காம் நாள்தான் மோட்டார் போனது. வெயில் காலம். பூ கொட்டிவிட்டது. காய்ந்த செடிக்குத் திடீரென்று தண்ணீர் பாய்ந்ததில் இருந்த காயிலும் பாதி வெடித்துவிட்டது.

பணம் கொடுக்க வந்தவர் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "நாலு நாள் ஆகும்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, பக்கத்துத் தோட்டத்துல தண்ணி கேட்டிருப்பேன் தம்பி. நீ நாளைக்கு நாளைக்குன்னதால அதையும் கேக்கல."

மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் புரிந்தது

வாடிக்கையாளர் கடைக்கு வரும்போது மோட்டாரோடு சில பயங்களையும் தூக்கிக்கொண்டு வருகிறார். எவ்வளவு பிடுங்குவானோ? எப்போது தருவானோ? பழைய செம்பை எடுத்துக்கொள்வானோ? மறுபடியும் எரிந்தால் என்ன செய்வது? இந்தப் பயங்களை எந்தக் கடை இறக்கி வைக்கிறதோ, அந்தக் கடை அவருக்கு அழகாகத் தெரிகிறது. கண்ணாடிக் கதவு இதில் ஒன்றையும் இறக்கி வைக்காது.

கடலூரில் 1983-இல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பூவைத் தொடங்கிய கதை நம்மில் பலருக்குத் தெரியும். பிற்காலத்தில் அதுதான் கெவின்கேர் நிறுவனமாக வளர்ந்தது. பெரிய பாட்டிலை வாங்கி, பிடிக்காமல் போனால் காசு வீண் என்ற பயம் சாதாரணக் குடும்பத்துக்கு உண்டு. சிறு பாக்கெட் அந்தப் பயத்தைத் தீர்த்தது. கிராமங்களில் ஒரு பையனை உட்கார வைத்து, எல்லோருக்கும் முன்னால் தலைக்குத் தேய்த்துக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். வாய்ப்பேச்சை நம்பச் சொல்லவில்லை, கண்ணால் பார்க்கச் சொன்னார்கள். ஷாம்பூவுக்குப் பொருந்துவது காயிலுக்குப் பொருந்தாதா?

மாமாவும் நானும் உட்கார்ந்து பேசி, ஒவ்வொன்றாக மாற்றினோம். அவற்றை உங்களுக்காக வரிசைப்படுத்துகிறேன்.

1. தேதியை எழுதிக் கொடு

மோட்டார் வந்ததும் ஒரு சீட்டு. அதில் டோக்கன் எண், தரும் தேதி, உத்தேசத் தொகை. கையில் இருக்கும் வேலையை எண்ணிப் பார்த்து, கம்பி இருக்கிறதா என்று பார்த்து, அதற்கு மேல் ஒரு நாள் சேர்த்துத்தான் தேதி எழுதுவோம். தொகை கூடும் என்று தெரிந்தால் முதலில் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் மேலே கை வைப்போம். தேதி தவறும்போலத் தெரிந்தால் முதல் நாளே நாமே கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். அவர் வந்து நின்றபின் சொல்வது சொல்லாததற்குச் சமம்.

இதில் நஷ்டமும் உண்டு நண்பர்களே! "நாலு நாளா?" என்று கேட்டுவிட்டு மோட்டாரை இறக்காமலே போனவர்கள் உண்டு. முதல் மாதம் மாமா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

2. பழைய செம்பை அவர் கண்முன் நிறுத்து

இந்தத் தொழிலில் சந்தேகம் பிறக்கிற இடமே இதுதான். அறுத்தெடுத்த செம்புக் கம்பிக்குக் காயலான் கடையில் நல்ல விலை. பல கடைகளில் அதைப் பற்றிப் பேச்சே எழாது. நாங்கள் பழைய கம்பியைப் பையில் போட்டு டோக்கன் எண் எழுதி வைத்தோம். அவர் வந்ததும் தராசில் வைப்போம். வேண்டுமென்றால் எடுத்துப் போகலாம். இல்லையென்றால் அன்றைய விலைக்குப் பில்லில் கழித்துக்கொள்ளலாம். அடுத்தவர் பொருளையும் தன் பொருளைப் போல நினைத்துச் செய்வதுதான் வாணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொன்னது காயில் கடைக்கும் சேர்த்துத்தான்.

3. வேலையைக் காட்டு

மெக்கரை அவர் முன்னால் வைத்துச் சுருளுக்கும் பாடிக்கும் இடையே பார்ப்போம். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மோட்டார் வெளியே போகாது. பிறகு ஓட விட்டு டங் டெஸ்டரில் மூன்று பேஸையும் காட்டுவோம். "மூணும் ஒரே அளவு காட்டணும்ங்க, பாத்துக்கோங்க" என்றால் போதும். படிக்காதவருக்கும் புரியும். அடுத்த முறை அவரே "ஆம்ஸ் பாத்தாச்சுங்களா?" என்று கேட்கிறார்!

4. ஏன் எரிந்தது என்று சொல்

இதற்குத்தான் மாமா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எரியாட்டி நம்ம பொழப்பு என்னாகும் மாப்ளே?" என்றார். நியாயமான கேள்விதான்.

ஆனால் பாருங்கள். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டார் மீதி இரண்டில் இழுக்கும். அதே சுமைக்கு அந்த இரண்டிலும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஏறும். 415 வோல்ட்டில் ஐந்து எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் சுமார் ஏழரை ஆம்பியர் எடுக்கும். அது பதிமூன்றைத் தொடும். ரிலே சரியாக இருந்தால் டிரிப் ஆகி மோட்டார் பிழைக்கும். தோட்டத்தில் ரிலே அடிக்கடி டிரிப் ஆகிறதென்று ஏற்றி வைத்துவிடுவார்கள், அல்லது நேராக இணைத்துவிடுவார்கள். பிறகு என்ன? காயில் புகையும்.

புதுக் காயில் கட்டிக் கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைப் பார்க்காமல் விட்டால், மறுபடியும் எரியும். அப்போது அவர் ரிலேயைத் திட்டமாட்டார். "அந்தக் கடையில் கட்டினது நிக்கல" என்றுதான் ஊரெல்லாம் சொல்வார். இதைச் சொன்னதும் மாமா யோசித்தார். இப்போது மோட்டாரோடு ஸ்டார்ட்டரையும் கொண்டுவரச் சொல்கிறார்.

5. அவர் வேலை நிற்காமல் பார்

இது மாமாவின் சொந்த யோசனை. பழைய மோட்டார் இரண்டை வாங்கிச் சரிசெய்து, மாற்று மோட்டாராக வைத்தார். காயில் கட்டி முடிக்கும்வரை அதை மாட்டிக்கொள்ளலாம். போல்ட்டும் பைப்பும் எல்லா இடத்திலும் பொருந்தாது. பொருந்தும் இடத்தில் பயிர் தப்பிக்கும். தக்காளித் தோட்டக்காரரை நினைத்துத்தான் இதைச் செய்தார் என்று எனக்குத் தெரியும். மாமா வாய்விட்டுச் சொல்லவில்லை.

6. பில் கொடு, பொறுப்பும் கொடு

1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு பழுது பார்ப்பதும் சேவைதான். அதில் குறைபாடு இருந்தால் புகார் செய்யலாம். பில் தராமல் இருப்பதையும் முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து கொடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பில்லில் "ஆறு மாதத்துக்குள் காயில் கோளாறு என்றால் கூலி இல்லை" என்று கையெழுத்துப் போட்டுப் பாருங்கள், நம் கையே வேலையைக் கவனமாகச் செய்யும்!

பலன் என்ன?

ஒரே மாதத்தில் கூட்டம் அலைமோதியது என்று நான் கதை விடப் போவதில்லை. எதிர்க்கடை இன்றும் இருக்கிறது, நன்றாகவே நடக்கிறது. முதல் இரண்டு மாதம் எந்த வித்தியாசமும் இல்லை. அதன்பிறகு மெதுவாக, சீட்டு வாங்கிப் போனவர்கள் அண்ணன் தோட்டத்து மோட்டாரையும் மச்சான் தோட்டத்து மோட்டாரையும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். தள்ளுபடியை எடுத்துவிட்டோம், அதை யாரும் கேட்கவே இல்லை. ஃபிளெக்ஸ் வெயிலில் வெளுத்துவிட்டது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

நாளைக்கு நீங்கள் மொபைல் சர்வீஸ் கடை வைக்கலாம், லேத் பட்டறை வைக்கலாம், வரைபடம் போட்டுக்கொடுக்கும் அலுவலகம் வைக்கலாம். கடை திறக்கும் முன் இந்த மூன்றையும் எழுதி வையுங்கள்: என் கடைக்கு வருகிறவர் எதற்குப் பயப்படுகிறார்? அந்தப் பயத்தைத் தீர்க்க நான் எதை எழுதிக் கொடுப்பேன்? எதைக் கண்முன் காட்டுவேன்? விடை கிடைத்தபின் போர்டுக்குப் பெயிண்ட் வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. போன விடுமுறையில் ஒரு டெம்போ வந்து நின்றது. இறங்கியவர் அதே தக்காளித் தோட்டக்காரர். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மோட்டாரோடு துணைக்கு வந்திருந்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

"வாங்கய்யா" என்றேன் மெதுவாக.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "வாயில சொல்லாதே தம்பி. சீட்டு எழுதிக் குடுக்கிறீங்களாமே, அதைக் குடு" என்றார்.

நான்கு நாள் தள்ளித் தேதி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மாலையே மோட்டாரை முடித்து வைத்துவிட்டுத்தான் தூங்கினேன்.

வாழ்த்துகளுடன்,
மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை