வளர்ச்சியின் அளவுகோல்

புதுச்சேரி நகருக்கு வடமேற்கே அமைந்த ஊர் சேதராப்பட்டு. அங்கே வயலும் உண்டு; ஆலையும் உண்டு. அரசு அமைத்த தொழிற்பேட்டையில் உழைத்து ஊதியம் பெறுவோர் பலர். அரசின் பொருள் ஏழைக்குப் பயன்படும் என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

எனினும், செலவிட்ட பொருளெல்லாம் பயன் தந்துவிடுமோ? சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைக்கும் பொருட்டு, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சேதராப்பட்டு, கரசூர்ப் பகுதியில் 700 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அரசு கையகப்படுத்தியது. மண்டலம் அமையவில்லை, நிலம் பத்தாண்டுக்கு மேல் வறிதே கிடந்தது. நிலத்துக்கு உரியவர் இழப்பீடு பெறுவர். அந்நிலத்தில் களை பறித்துக் கூலி பெற்றவர்க்கு யாது கிடைக்கும்?

புதுச்சேரியிலேயே மற்றொரு காட்சியும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியின்போது, 1930-ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்கும் முறை தொடங்கியது. தமிழகத்தில் காமராசர் ஆட்சி 1956-இல் அத்தகைய திட்டத்தை மேற்கொண்டது. செலவான அரிசி அன்றே ஏழைக் குழந்தையின் பசியைத் தணித்தது. பசியாறிய குழந்தை பாடத்தில் மனம் செலுத்திற்று.

ஆகவே, எத்துணைப் பொருள் செலவாயிற்று என்று மட்டும் கேட்பது போதாது. அஃது எவர் இல்லத்தை, எப்பொழுது அடைந்தது என்றும் கேட்டல் வேண்டும். களை பறித்தவர் வீட்டிலும் அடுப்பெரியுமாயின், அதுவே வளர்ச்சி.