நாய்ஸுக்குப் பயந்தால் வக்கா கிடைக்காது

வலசைப் பறவைகள் அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகளுக்கு வரத் தொடங்குவது ஐப்பசி, கார்த்திகையில். நமக்கு மழை மூட்டமும் அப்போதுதான். நல்ல பறவை வரும் நாளில் நல்ல வெளிச்சம் வராது என்பது மேற்குச் சென்னைப் படக்காரர்களின் ஜாதகம். அதனாலேயே ஏரிக்கரையில் வெளிச்சத்தைப் பற்றிய வதந்திகளுக்கும் பஞ்சமில்லை.

“ஐ.எஸ்.ஓ.வை 400க்கு மேல ஏத்தாதீங்கண்ணா, படம் முழுக்க நாய்ஸ் வந்துடும்.” இருப்பதிலேயே பிடிவாதமான நம்பிக்கை இது. நாய்ஸுக்குப் பெருங்காரணம் வெளிச்சப் பற்றாக்குறை. தூறலில் முற்றத்தில் நாலு கிண்ணம் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பத்துச் சொட்டு விழும், பக்கத்துக் கிண்ணத்தில் ஆறு. அடைமழையில் நாலும் ஏறக்குறைய ஒரே அளவு நிறையும். சென்சாரின் புள்ளிகளும் அந்தக் கிண்ணங்கள்தான். ஒளித்துகள் குறையக் குறைய, புள்ளிக்குப் புள்ளி வேறுபாடு கண்ணை உறுத்துகிறது. 400லேயே நிறுத்தி இருட்டாக எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் வெளிச்சம் ஏற்றினாலும் அதே நாய்ஸ் வரும். பல கேமராக்களில் கூடுதலாகவே வரும். 400இல் 1/30 நொடி கிடைக்கிற இடத்தில் 3200 வைத்தால் 1/250 கிடைக்கும். நாய்ஸை மென்பொருள் ஓரளவு துடைத்துவிடும். அசைந்து கலங்கிய அலகைத் துடைக்க ஒன்றுமில்லை.

ஸ்டெபிலைசர்? அது உங்கள் கைநடுக்கத்துக்கு. நாமக்கோழியின் தலையாட்டலை அது நிறுத்தாது.

“1/1000க்குக் கீழே போனால் பறவை கிடைக்காது” என்பது பறக்கும் ஆலாவுக்குச் சரி. வக்கா என்னும் இராக்கொக்குக்கு? மீனுக்காகக் கரையோரம் காத்திருக்கும் வக்கா நிமிடக்கணக்கில் சிலை. லென்ஸை டிரைபாடிலோ கைப்பிடிக் கம்பியிலோ சாய்த்து, 1/30இல் தொடர்ச்சியாகப் பதினைந்து படம் எடுங்கள். ஒன்றிரண்டில் அந்தச் சிவப்புக் கண் கூர்மையாக நிற்கும். இருட்டியதும் கரகரத்த குரலோடு கிளம்பிவிடும், அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

மூட்ட வானத்துக்கு எதிரே நீர்க்காகம் வெறும் கரிக்கோடாகத் தெரிவதும் இருட்டின் குற்றமில்லை. கேமரா வானத்தை அளந்து மொத்தப் படத்தையும் மங்கவைக்கிறது. எக்ஸ்போஷரை ஒன்றரை ஸ்டாப் கூட்டினால் இறகு தெரியும்.

விலை கூடிய லென்ஸ் உதவும், மறுக்கவில்லை. எஃப் 2.8 என்பது எஃப் 5.6ஐவிட 4 மடங்கு ஒளி. ஆனால் காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய கருவிக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயர் வைத்து, கறுப்பு வெள்ளை ஃபிலிமில் காட்டையே எடுத்தார்.

“இருட்டினா ஃபிளாஷ் போடு” என்பவரோடு மட்டும் எனக்குச் சமாதானம் கிடையாது. இருளுக்குப் பழகிய புள்ளி ஆந்தையின் கண் அந்த மின்னலில் சற்று நேரம் திகைத்துப்போகும். அந்த நேரத்தில் பறந்தால் எதிரே மின்கம்பி. கூட்டருகே என்றால் இன்னும் மோசம்: பறவையின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையில்தான் சேர்க்கிறது.

போகி விடியலில் மட்டும் நான் கேமராவைத் தொடுவதில்லை. ஆவடிப் பக்கம் அன்றைக்குக் கிளம்பும் புகைக்கு எந்த ஐ.எஸ்.ஓ.வும் பத்தாது.