பாறை தேடும் கலை
(புதுவைக்குப் புதிதாய் வந்தோர்க்கு)

முன்னுரை

நம் கல்லூரியில் பயில்வோர் அனைவரும் புதுவையில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். படிப்பின் பொருட்டோ, பெற்றோரின் பணிமாற்றத்தாலோ வெளியூர்களிலிருந்து வந்தோர் பலர். அவர்களுள் குன்றுகள் சூழ்ந்த ஊர்களில் வளர்ந்து, பாறை ஏறிப் பழகியவர்களும் உளர். இங்கு வந்ததும் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, “இந்த ஊரில் ஏறுவதற்கு ஒரு பாறைகூட இல்லையா?” என்பதே.

பாறை ஏறுதல் இன்று உலகெங்கும் பரவிய விளையாட்டு. 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் அது முதன்முறையாக இடம்பெற்றது. ஆனால், புதிய ஊரில் பாறை தேடுவது வெறும் விளையாட்டன்று; அந்நிலத்தைக் கற்பதாகும். பாறை எங்கே உள்ளது? அஃது ஏறத் தக்கதா? அது யாருக்கு உரியது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே பாறையில் கை வைத்தல் வேண்டும். இவற்றுள் மூன்றாவதே தலையாயது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறு காட்டும் வழி

புதுவை நெய்தல் நிலம். கடற்கரைச் சாலையோரம் குவிந்துள்ள கருங்கற்களைக் கண்டு புதியவர் மகிழ்தல் கூடும். அவை கடலரிப்பைத் தடுக்க வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியவை. ஒன்றன்மேல் ஒன்று தளர்வாய்க் கிடப்பவை; பாசி படிந்து வழுக்குபவை. அவற்றில் ஏறுதல் ஆபத்து.

நகரின் வடமேற்கே கோரிமேட்டுப் பக்கம் செம்மண் மேடு உள்ளது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் உயரமே கொண்ட இதனைப் பிரெஞ்சுக்காரர் ‘செம்மலைகள்’ என்று அழைத்தனர். ஆயினும், இது மலையன்று. கடலூர் மணற்கல் எனப்படும் இளகிய படிவுகளும் செம்மண்ணும் சேர்ந்த மேடு. மழைநீர் அறுத்த ஓடைக்கரைகள் செங்குத்தாக நின்றாலும், கைப்பிடி பட்டவுடன் உதிர்ந்துவிடும்.

அங்ஙனமாயின் உண்மையான பாறை எங்கே? நம் ஊர் ஆறே விடை கூறும். வில்லியனூர் வழியாக வந்து கடலில் கலக்கும் சங்கராபரணிக்குச் செஞ்சியாறு என்றும் ஒரு பெயர் உண்டு. செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து புறப்பட்டு வரும் ஆறாதலின் அப்பெயர். நம் ஆற்றுமணலில் அம்மலைகளின் துகளும் கலந்துள்ளது. எனவே ஆற்றை எதிர்த்து மேற்கே செல்லுதல் வேண்டும். கரையோரம் முதலில் வருவது திருவக்கரை. அங்கே ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரங்கள் மணற்கல்லில் கிடக்கின்றன. அவை தேசியப் புவியியல் நினைவுச் சின்னம், ஏறுவதற்குரியவை அல்ல. அவ்வூரை அடுத்தே கருங்கல் குவாரிகள் உள்ளன. மென்கல் முடிந்து வன்கல் தொடங்கிவிட்டது என்பதற்கு அவையே சான்று. இன்னும் மேற்கே, புதுவையிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில், பெரும்பாறைகளை அடுக்கி வைத்தாற்போல் செஞ்சிக் குன்றுகள் எழுகின்றன. இவற்றின் கருங்கல் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது.

பெயரும் படமும்

ஆறு இல்லாத ஊரிலும் பாறை தேட வழி உண்டு. முதலாவது, ஊர்ப்பெயர். குப்பம், பேட்டை, பாளையம் என முடியும் பெயர்கள் பாறையைச் சுட்டுவன அல்ல. மேடு என்பது உயர்ந்த நிலத்தை மட்டுமே குறிக்கும். மலை, குன்று, கல், பாறை, கரடு, துருகம் என வரும் பெயர்களை நாடிச் சென்றால் பெரும்பாலும் ஏமாற்றம் இராது. இரண்டாவது, இந்திய நில அளவைத் துறையின் வரைபடம். அதில் சமவுயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் இடம் செங்குத்தான சரிவு. செயற்கைக்கோள் படத்தில் பசுமையின் நடுவே சாம்பல் நிறத் திட்டாகத் தெரிவது வெற்றுப் பாறையாக இருக்கக்கூடும். மூன்றாவது, உள்ளூர் மக்கள். ஆடு மேய்ப்பவரும் கல் உடைக்கும் தொழிலாளரும் அறிந்த அளவு எந்தப் படமும் அறியாது. எந்தப் பாறையில் மலைத்தேனீ கூடு கட்டியுள்ளது, எந்தச் சுனையில் கோடையிலும் நீர் நிற்கும் என்பதெல்லாம் அவர்கள் சொல்லக் கேட்டே அறிதல் வேண்டும்.

நமக்கு முன் தேடியோர்

செஞ்சி வட்டாரத்தில் பாறை தேடியவர்கள் நாம் மட்டும் அல்லர். துறவிகள் தேடினர்: செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரு பெரும்பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் பழந்தமிழ்க் கல்வெட்டும் அக்குன்றில் உள்ளது. கலைஞர் தேடினர்: செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய எதுவுமின்றி முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் மண்டகப்பட்டில் உள்ளது. அதன் காலம் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி.

படைவீரரும் தேடினர். இராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். உச்சிக்கு அருகே 7 மீட்டர் அகலமும் 18 மீட்டர் ஆழமும் கொண்ட இயற்கைப் பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. மொகலாயப் படை இக்கோட்டையைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை போராடியது. ஆனால், 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஓர் இரவுத் தாக்குதலிலேயே இதனைக் கைப்பற்றியது. 1761 சனவரியில் புதுவை வீழ்ந்தது; ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. பாறை எத்துணை உறுதியாயினும், அதைக் காப்போரின் விழிப்பே கோட்டை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

ஏறத் தக்கதா?

கருங்கல் வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காய் உரியும் இயல்புடையது. கைப்பிடிக்கும் விளிம்பை முதலில் தட்டிப் பார்த்தல் வேண்டும். கெட்டியான ஒலி வந்தால் நன்று. பொள்ளல் ஒலி வந்தால் அவ்விளிம்பு பிரிந்துவிடும். குவாரிச் சுவர்கள் வெடியினால் பிளவுபட்டவை. அவற்றை அறவே தவிர்த்தல் வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலைப் பொழுதே ஏற்றது. நண்பகலில் பாறை சுடும். வியர்த்த கையும் வழுக்கும்.

மழைக்காலத்தில் குன்றையே நம்பலாகாது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் புதுவை அருகே ஃபெங்கல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து, பாறையும் சேறும் வீடுகளின்மேல் விழுந்தன. குழந்தைகள் ஐவர் உட்பட எழுவர் உயிரிழந்தனர். பாறை அசையாதது என்பது நம் எண்ணம். அதைத் தாங்கும் மண் நனைந்தால் பாறையும் அசையும்.

கயிறு, தலைக்கவசம், துணைவர், பயிற்சி ஆகிய நான்கும் இன்றி உயரம் ஏறலாகாது. தேசிய மாணவர் படையினர்க்குப் பாறையேற்றப் பயிற்சி முகாம்கள் உண்டு. டார்ஜிலிங்கில் 1954-லும் உத்தரகாசியில் 1965-லும் தொடங்கப்பட்ட மலையேற்ற நிறுவனங்களிலும் முறையான பயிற்சி பெறலாம்.

யாருடைய பாறை?

பாறை கிடைத்துவிட்டது என்பதனால் அது நம்முடையது ஆகிவிடாது. செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 சூலையில் மராட்டியப் படைக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலக மரபுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே படிவழியே ஏறி மகிழலாம். மதிலிலோ பாறையிலோ ஆணியடித்துக் கயிறு கட்டல் ஆகாது. மயிலம் போன்ற குன்றுகள் முருகன் கோயில் கொண்ட இடங்கள். காப்புக்காட்டுக்கு வனத்துறையின் இசைவு வேண்டும். புறம்போக்கா, பட்டா நிலமா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிதல் வேண்டும். கீழ்வாலையில் உள்ள பாறைகளில் தொல்பழங்கால மனிதர் செந்நிறத்தில் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. ஒரு காலணியின் உரசல் அவற்றை அழித்துவிடும்.

பாரிசுக்கு அருகே ஃபோந்தேன்புளோ காட்டின் மணற்பாறைகளில் பிரெஞ்சு மலையேறிகள் பல தலைமுறைகளாகப் பழகி வருகின்றனர். மழை பெய்து பாறை நனைந்திருந்தால் அங்கே எவரும் ஏறுதல் கூடாது என்பது வழக்கம். நனைந்த பிடி உடைந்தால் பின்வருவோர்க்கு அது இல்லாமற் போகும் அன்றோ? சட்டத்தின் அச்சத்தால் அன்றி, அடுத்தவர்மேல் கொண்ட அக்கறையால் பாறையைக் காக்கும் பண்பு இது. இப்பண்பு நமக்கும் வேண்டும்.

முடிவுரை

வீடும் சாலையும் கட்டக் கல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், ஜல்லியாக உடைத்த குன்றை மீண்டும் குன்றாக்க எவராலும் இயலாது. எந்தக் குன்றில் சுனை உண்டு, எதில் கல்வெட்டு உண்டு, எதில் ஓவியம் உண்டு என்று அறிந்தோர் இருந்தாலன்றோ, எதை விட்டுவைக்க வேண்டும் என்று எடுத்துரைக்க முடியும்? பாறை தேடிச் செல்லும் மாணவர் அவ்வறிவைப் பெறுகின்றனர். ஆதலின், வரலாற்றுத் துறையும் புவியியல் துறையும் தேசிய மாணவர் படையும் கைகோத்து, ஆண்டுக்கு ஒரு முறையேனும் சங்கராபரணியின் கரைவழியே மேற்கு நோக்கிச் சென்று, காணும் குன்றுகளைக் குறித்து வைத்தல் நலம். ஏறுவதற்கு ஒரு பாறை கிடைக்காவிடினும், காப்பதற்குப் பல பாறைகள் கிடைக்கும்.