பகுத்தறியும் பெலன்



நம்ம காட்டூரிலிருந்து பழவேற்காடு ஏரிக்குத் தொழிலுக்குப் போகிற சகோதரர்களுக்குத் தெரியும். ஆரணியாற்றுத் தண்ணீரும், முகத்துவாரம் வழியாய் ஏறுகிற கடல்தண்ணீரும் அங்கே கலக்கிறது. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நாக்கில் வைத்தால்தான் உப்பு தெரியும்.

தீர்க்கதரிசனமும் அப்படியே. "கர்த்தர் சொன்னார்" என்று ஒருவர் சொன்னவுடனே படகையும் வலையையும் விற்றுவிடலாமா? 1875-ல் திருவிதாங்கூர் எழுப்புதலின் நடுவே, ஆறு வருஷத்தில், அதாவது 1881-ல், இயேசு வருவார் என்று தீர்க்கதரிசனம் உண்டாயிற்று. ஜஸ்டஸ் ஜோசப் ஐயரைப்போன்ற வைராக்கியமுள்ள ஊழியரே அதை நம்பினார்கள். வருஷம் கடந்தது, சொன்னது நடக்கவில்லை. அந்த நாளை ஒருவனும் அறியான் என்கிற மத்தேயு 24:36 அவர்கள் கையிலிருந்த வேதத்திலேயே இருந்தது!

ஆகையால் நான் மூன்று கேள்விகளை உங்கள்முன் வைக்கிறேன்.

1. வேதத்தோடு ஒத்துப்போகிறதா? (அப்போஸ்தலர் 17:11)
2. இயேசுவை உயர்த்துகிறதா, சொன்ன ஆளை உயர்த்துகிறதா? (1 யோவான் 4:1-3)
3. சொன்னவர் வாழ்க்கையில் கனி உண்டா? (மத்தேயு 7:16)

பயந்துபோய் தீர்க்கதரிசனத்தையே தள்ளிவிடாதிருங்கள். அதுவும் தப்பு (1 தெசலோனிக்கேயர் 5:20,21). முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரிக்குக் கேடு. ஜெபம் அடைபட்டால் ஆத்துமாவுக்குக் கேடு. தினமும் காலையில் ஒரு அதிகாரமாவது வாசித்து, முழங்காலில் நில்லுங்கள். பழக்கத்தினாலேதான் பகுத்தறிவு வரும் (எபிரெயர் 5:14).

கர்த்தர்தாமே உங்களைப் பெலப்படுத்துவாராக. ஆமென்!